அன்றாட வாழ்வில் விசுவாசப் பாடம்: எரிச்சல் வருகிற இடத்தில் தேடுங்கள்

கேள்வி இது: "வேதம் வாசிக்கிறேன், ஆராதனைக்கும் தவறாமல் போகிறேன். மற்றவர்கள் சாட்சி சொல்லும்போது குழாய் ஒழுகியதிலிருந்து, சாவி தொலைந்ததிலிருந்து எல்லாம் தேவன் ஒரு பாடம் கற்றுக்கொடுத்தார் என்கிறார்கள். எனக்கு அப்படி எதுவும் தென்படுவதில்லை. என் விசுவாசத்தில்தான் குறையா, அல்லது அவர்கள் சொல்வது கற்பனையா?"

உங்கள் விசுவாசத்தில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சாட்சி சொல்கிறவர்கள் எல்லாரும் கற்பனை செய்கிறார்கள் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் பலர் பின்பற்றும் முறையில் ஒரு பிசகு இருக்கிறது. அதே முறையை நீங்களும் முயன்று பார்த்து, எதுவும் வராததால் கவலைப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துபோனதைப் பார்த்தவுடன், "ஜெபம் இல்லாத வாழ்க்கையும் இப்படித்தான்" என்று ஒருவர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சொன்னதில் தவறில்லை. ஆனால் அங்கே கைப்பேசி அவருக்கு எதையும் கற்றுத்தரவில்லை. ஜெபம் வேண்டும் என்பது அவருக்கு முன்பே தெரியும். கைப்பேசிக்குப் பதிலாக டார்ச் லைட் அணைந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். பொருளை மாற்றியும் பாடம் மாறவில்லை என்றால், பொருளை யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

வேதத்தில் இது நடக்கிற விதம் வேறு. நீதிமொழிகள் 24ஆம் அதிகாரத்தின் கடைசியில் ஒருவர் சோம்பேறியின் வயல் வழியாக நடந்துபோகிறார். எங்கும் முள் முளைத்திருக்கிறது, நிலத்தைக் களைகள் மூடியிருக்கின்றன, கற்சுவர் இடிந்து கிடக்கிறது. முதலில் அவர் இதையெல்லாம் பார்க்கிறார், அப்புறம் யோசிக்கிறார், அதன் பிறகே புத்தி வருகிறது. அவருக்கு வந்த புத்தியும் அந்த வயலைப் பார்த்தால் மட்டுமே வரக்கூடியது. இன்னும் கொஞ்சம் தூக்கம், இன்னும் கொஞ்சம் கைமடக்கு என்று சின்னச் சின்னதாகச் சேர்ந்துதான் ஒரு சுவர் விழுகிறது. ஒரே நாளில் யாரும் வயலைப் பாழாக்கவில்லை. எரேமியா 18இலும் இப்படித்தான். தீர்க்கதரிசியைக் குயவன் வீட்டுக்குப் போகச் சொல்கிறார் தேவன். போனவர் சக்கரத்தில் வேலை நடப்பதையும், பாண்டம் கெட்டுப்போவதையும், குயவன் அதே மண்ணை வேறு பாண்டமாக வனைவதையும் பார்க்கிறார். அதற்குப் பிறகே வார்த்தை வருகிறது. வேலை நடந்து முடியும்வரை தேவனே காத்திருக்கிறார். நமக்குத்தான் அவசரம்.

அடுத்து, பாடம் பக்தியான விஷயத்திலிருந்துதான் வரவேண்டும் என்று நினைக்காதீர்கள். இயேசு சொன்ன உவமைகளின் களம் பெரும்பாலும் வயல், வீடு, கடன், கூலி, கல்யாணம், திருட்டு. தேவாலயத்துக்குள் நடக்கும் உவமை என்றால் பரிசேயனும் வரி வசூலிக்கிற ஆயக்காரனும் ஜெபிக்கப் போன அந்த ஒன்றுதான், அதிலும் பக்திமானான பரிசேயன்தான் தோற்றுத் திரும்புகிறார். லூக்கா 16இல் வரும் உக்கிராணக்காரன், அதாவது எஜமானின் சொத்தைக் கவனிக்கிறவன், கணக்கை மாற்றி எழுதுகிறவன். லூக்கா 18இல் வரும் நியாயாதிபதி தேவனுக்கும் பயப்படாதவன், மனுஷரையும் மதிக்காதவன். இப்படிப்பட்டவர்களை வைத்தும் பாடம் சொன்னார். ஆகவே உங்கள் அலுவலகம், பேருந்து நிறுத்தம், வங்கிக்கு அனுப்ப வேண்டிய படிவம் எல்லாமே போதுமான களம்தான்.

சரி, அந்தக் களத்தில் எங்கே பார்ப்பது? ஒரு நாளில் நூறு விஷயம் நடக்கிறது. என் பதில் ஒன்றுதான்: உங்களுக்கு எரிச்சல் வந்த இடத்தில் பாருங்கள்.

அழகான சூரிய உதயத்தைப் பார்த்து தேவனை நினைப்பது நல்லது, அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. சங்கீதங்களில் அது நிறையவே இருக்கிறது. ஆனால் இயேசுவின் உவமைகளையும் அவர் மனிதர்களைச் சந்தித்த இடங்களையும் திரும்ப வாசித்தால், பாதிக்கு மேல் சூடு பிடிப்பது யாரோ ஒருவர் முகம் சுளிக்கிற இடத்தில்தான். சொத்தை அழித்துவிட்டு இளைய மகன் வீடு திரும்புகிறான், வீட்டில் விருந்து, மூத்தவன் உள்ளே வரமாட்டேன் என்று வெளியே நிற்கிறான். சீமோன் என்கிற பரிசேயன் வீட்டுப் பந்தியில் ஒரு பெண் அழுதுகொண்டு இயேசுவின் பாதத்தைக் கழுவுகிறாள், சீமோனுக்கு உள்ளுக்குள் பொருமல். தங்கை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள், மார்த்தாள் அடுப்படியிலிருந்து முறையிடுகிறாள்.

மத்தேயு 20இல் வரும் திராட்சத்தோட்டக் கதையைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். விடியற்காலையில் வந்தவர்களுக்கும், வேலை முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்தவர்களுக்கும் ஒரே கூலி. பலரும் கவனிக்காமல் கடந்துபோகிற விவரம், கூலி கொடுத்த வரிசை. கடைசியில் வந்தவர்களிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறார் எஜமான். வரிசையை மாற்றி, காலையில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பேசிய கூலி கைக்கு வந்தது என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். முணுமுணுப்பே இருந்திருக்காது, பாடமும் இருந்திருக்காது. அவர்கள் கையில் இருந்த காசு குறையவே இல்லை. பக்கத்தில் இருப்பவன் கையைப் பார்த்ததும்தான் அது போதாமல் போனது. அவர்கள் மனதில் இருந்ததை வெளியே கொண்டுவர அந்த வரிசை தேவைப்பட்டது.

நம் நாட்களிலும் இந்த வரிசை அடிக்கடி வருகிறது. நேற்று சேர்ந்தவருக்கு உங்களுக்குக் கிடைத்த அதே சலுகை கிடைக்கிறது. நீங்கள் வருடக்கணக்காகப் பொறுமையாக நடத்திய பிள்ளை உங்களிடம் பேசுவதில்லை, எப்போதாவது வருகிற உறவினரிடம் ஓடிப்போய் ஒட்டிக்கொள்கிறது. அப்போது வருகிற அந்தச் சுருக்கென்ற உணர்வை ஜெபத்தில் "மன்னியும்" என்று அவசரமாகத் துடைத்துவிடுகிறோம். அப்படித் துடைக்க வேண்டாம். எனக்கு எது குறைந்தது, நான் யாருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று கேளுங்கள். கிருபை இலவசம் என்று பிரசங்கத்தில் கேட்டுத் தலையாட்டுவது எளிது. அது இன்னொருவருக்கு இலவசமாகப் போகும்போது நமக்கு எப்படி இருக்கிறது என்பதை அந்த எரிச்சல்தான் காட்டிக்கொடுக்கும்.

யோனாவின் கதையில் இந்த முறை இன்னும் தெளிவாகத் தெரியும். மீனை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது, ஆனால் பாடம் நடப்பது நாலாம் அதிகாரத்தில். மனந்திரும்பிய நினிவே நகரம் அழிவிலிருந்து தப்பித்துவிட்டது என்று யோனாவுக்குக் கோபம். தேவன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. ஒரு ஆமணக்குச் செடியை முளைக்க வைக்கிறார், நிழல் கிடைத்ததில் யோனாவுக்கு மிகுந்த சந்தோஷம். மறுநாள் ஒரு புழு அதை அரிக்கிறது, சூடான கீழ்க்காற்று வீசுகிறது, வெயில் தலையில் இறங்குகிறது. யோனா செத்துப்போகலாம் என்கிற அளவுக்கு எரிச்சலாகிறான். அப்போதுதான் கேள்வி வருகிறது: நீ நட்டு வளர்க்காத ஒரு செடிக்காக இவ்வளவு வருந்துகிறாயே, வலது கை எது இடது கை எது என்று தெரியாத 1,20,000 பேருக்கு மேல் இருக்கிற நகரத்துக்காக நான் வருந்த மாட்டேனா? மிருகஜீவன்களும் அநேகம் இருக்கின்றன என்று ஒரு வார்த்தை கூடச் சேர்த்துக்கொள்கிறார். யோனாவின் பதில் பதிவாகவில்லை. புத்தகம் கேள்வியோடு முடிந்துவிடுகிறது. செடியும் புழுவும் வெயிலும் எந்த நாளிலும் எந்த ஊரிலும் இருப்பவைதான். அவன் எரிச்சலை விலக்காமல் அதையே தேவன் கேள்வியாக்கினார்.

அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி போனபோதும் இதுவே நடந்தது. ஏழை ஒருவனின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடித்துச் சமைத்த கதையைக் கேட்டு ராஜாவுக்கு ஆத்திரம் பொங்குகிறது. நாலு மடங்கு திருப்பித் தரவேண்டும் என்று தீர்ப்பே எழுதிவிடுகிறார். அதன் பிறகுதான் "நீயே அந்த மனுஷன்". அடுத்தவன் தப்பைப் பார்த்து நாம் அளவுக்கு மீறிக் கொதிக்கிற இடங்களை இந்தக் கதையோடு சேர்த்து யோசிக்கலாம். எல்லாக் கொதிப்பும் அப்படிப்பட்டதல்ல. அநியாயத்தைக் கண்டு வரும் கோபம் நியாயமானதே. அளவுக்கு மீறி வருகிறதா என்பதுதான் கேள்வி.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். வேத பாடக் குழுவில் ஒரு பெண்மணி மறதி நோய் வந்த தன் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்றைக்கு என்ன கிழமை?" என்று தாய் கேட்பார். பதில் சொன்ன சில நிமிடத்தில் மறுபடி அதே கேள்வி. "இப்பதானே சொன்னேன்" என்று வாயில் வந்துவிடும், அப்புறம் குற்ற உணர்ச்சி. பொறுமையைப் பற்றிய வசனங்களை எழுதிச் சுவரில் ஒட்டியும் ஒன்றும் ஆகவில்லை. நடந்ததை ஒரு பக்திச் சொல்கூட இல்லாமல் அப்படியே எழுதிப் பாருங்கள் என்றேன். எழுதியபோது அவருக்குத் தெரிந்தது வேறு. கேள்வி திரும்ப வருவதால் அல்ல, தான் சொன்ன பதில் எங்கேயும் தங்காமல் போவதால்தான் அவருக்கு எரிச்சல். எவ்வளவு அன்பாகச் செய்தாலும் தாயின் நினைவில் அது நிற்கப்போவதில்லை. நன்றி சொல்ல, சாட்சி சொல்ல அங்கே ஆளே இல்லை. அப்போதுதான் மத்தேயு 6இல் வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்று இயேசு சொன்னது அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. வாங்கிக்கொண்டவருக்கே தெரியாமல் போகிற தர்மம், அந்தரங்கத்தில் பார்க்கிற பிதா மட்டும் பார்க்கிற வேலை. அவர் தேடிக்கொண்டிருந்தது பொறுமை, கிடைத்தது இது. அதற்குப் பிறகு அவர் மாற்றிக்கொண்டது ஒன்றே ஒன்று, "இப்பதானே சொன்னேன்" என்பதை விட்டுவிட்டார். களைப்பு தீர்ந்துவிட்டதாக அவர் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன்.

இதில் கவனிக்க வேண்டியது, வசனம் கடைசியில் வந்தது. ஆனால் வசனம் வந்துதான் ஆகவேண்டும். அன்றாட நிகழ்ச்சி புதிய உபதேசம் எதையும் உண்டாக்காது. ஏற்கெனவே சொல்லப்பட்டது எங்கே நம் தோலில் படுகிறது என்று காட்டும், அவ்வளவுதான். வேதத்தில் எங்கும் இடமில்லாத ஒரு முடிவை ஒரு நிகழ்ச்சி உங்களிடம் சொல்வதாகத் தோன்றினால், அந்த முடிவை விட்டுவிடுங்கள். ஹிப்போ நகர ஆயராக இருந்த அகுஸ்தீன் (354–430) வேதத்துக்கு விளக்கம் சொல்வதற்கே ஒரு அளவுகோல் வைத்தார்: தேவ அன்பையும் பிறர் அன்பையும் கட்டியெழுப்பாத விளக்கம், வேதத்தைப் புரிந்துகொண்ட விளக்கம் அல்ல. வேதத்துக்கே அப்படியென்றால், நாம் சாவி தொலைந்ததற்குச் சொல்லும் விளக்கத்துக்கு அது இன்னும் பொருந்தும். கற்பனையா என்று கேட்டீர்களே, அதைச் சோதிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான். இன்னொன்றும் பாருங்கள். கிடைத்த பாடம் என்னிடம் ஏதாவது கேட்கிறதா, அல்லது பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொருத்தமாக இருக்கிறதா? இரண்டாவது என்றால் சந்தேகப்படுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சபைகளில் இதனால் காயப்பட்டவர்கள் நிறையப் பேர். மற்றவர்களுடைய துன்பத்திலிருந்து பாடம் எடுக்காதீர்கள். சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டார், இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். பேச்சை அப்படியே கேட்டவர்கள் பக்கம் திருப்பிவிட்டார். பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோதும் இவனும் அல்ல, பெற்றோரும் அல்ல என்றார்.

எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் நண்பர்களைப் பாருங்கள். ஏழு நாள் பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை நன்றாகத்தான் செய்தார்கள். வாயைத் திறந்ததும் கெட்டது. இத்தனைக்கும் அவர்கள் சொன்ன வாக்கியங்களைத் தனியாக எடுத்தால் பல சரியாகவே இருக்கும். அவர்களில் ஒருவரான எலிப்பாசின் ஒரு வாக்கியத்தைப் பவுலே கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் எடுத்தாள்கிறார். ஆனாலும் நீங்கள் சரியாகப் பேசவில்லை என்று கடைசியில் தேவன் அவர்களைக் கடிந்துகொள்கிறார். சரியான வாக்கியத்தைத் தவறான ஆளின் புண்ணில் வைத்தார்கள். உங்கள் கஷ்டத்தில் நீங்கள் கண்டுபிடித்தது உங்களுக்கு. இன்னொருவர் கஷ்டத்தில் பாடம் இருந்தால் அதை அவர் கண்டுபிடிப்பார், கண்டுபிடிக்காமலும் போகலாம்.

அப்போஸ்தலர் 28இல் நடப்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். மெலித்தா தீவில் பவுல் விறகு பொறுக்கிப் போடும்போது விரியன் பாம்பு கையைக் கவ்வுகிறது. பார்த்தவர்கள் உடனே இவன் கொலைபாதகன் என்கிறார்கள். சாகவில்லை என்றதும் இவன் ஒரு தேவன் என்கிறார்கள். இரண்டு விளக்கமும் தப்பு. பவுலோ பாம்பைத் தீயில் உதறிவிட்டார். அதிலிருந்து அவர் ஏதாவது பாடம் சொன்னதாக லூக்கா எழுதவில்லை. சில சமயம் பாம்பு வெறும் பாம்புதான்.

இனி, இதை எப்போது உட்கார்ந்து செய்வது என்பது. இதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையைத் தொடங்கிய லொயோலா இக்னாசியார் 1521இல் ஸ்பெயினின் பாம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் காலொடிந்து மாதக்கணக்கில் படுத்துக்கிடந்தவர். அந்தப் படுக்கையில் அவர் ஒன்றைக் கவனித்தார். வீரதீரக் கனவுகள் காணும்போது இனிமையாக இருந்தாலும், முடிந்த பிறகு மனம் வறண்டுபோகிறது. கிறிஸ்துவைப் பின்பற்றியவர்களைப் பற்றி நினைத்தால், நினைப்பு முடிந்த பிறகும் சந்தோஷம் தங்குகிறது. மனதில் வந்துபோகிறதைக் கவனிக்கும் இந்தப் பழக்கத்திலிருந்து வளர்ந்ததுதான் அவர் கற்றுக்கொடுத்த, அன்றாடம் தன்னைத்தானே சோதித்துப் பார்க்கும் ஜெபம். முதலில் நன்றி, பிறகு வெளிச்சம் கேட்பது, பிறகு அந்த நாளை மணி மணியாகத் திரும்பிப் பார்ப்பது, தவறுக்கு வருந்துவது, நாளைக்கு ஒரு தீர்மானம். கத்தோலிக்க வழி என்று சில சபைகளில் தயங்குவார்கள். அதில் தயங்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

நான் பரிந்துரைப்பது இதைவிடச் சின்னது. இரவில் அந்த நாளில் எரிச்சல் வந்த ஒரு இடத்தை மட்டும் எடுங்கள். மூன்று நான்கு வரியில் எழுதுங்கள், அதில் "தேவன்", "பாடம்", "ஆசீர்வாதம்" எதுவும் வரக்கூடாது. யார் என்ன சொன்னார், என்ன செய்தீர்கள், உடம்பில் எங்கே உணர்ந்தீர்கள் என்பது போதும். எழுதியதைப் படித்து, நான் எதை எதிர்பார்த்தேன், எது கிடைக்கவில்லை என்று கேளுங்கள். பல நாள் அங்கேயே நிற்கும், நிற்கட்டும். வசனத்தைத் தேடி ஓட வேண்டாம். ஒழுங்காக வேதம் வாசிக்கிறவர்தானே நீங்கள், அது தானாக எதிரே வரும். வாசிக்காதவருக்கு இந்த முறை வெறும் டைரி எழுதுவதாகவே முடியும்.

எதுவும் கிடைக்காத நாட்களைப் பற்றி. பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் சமையல் வேலை பார்த்த லாரன்ஸ் சகோதரர் 1691இல் இறந்தார். தேவ சமுகத்தில் எப்போதும் இருப்பதைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் இன்றுவரை அவரைச் சொல்வார்கள். அவருக்கு அந்தச் சமையல் வேலை இயல்பாகவே பிடிக்காது என்பது பலருக்குத் தெரியாது. அவர் பாத்திரம் பண்டத்திலிருந்து பாடம் தேடிக்கொண்டிருக்கவில்லை. தேவனிடம் பேசிக்கொண்டே வேலையைச் செய்தார், தேவன் மேலுள்ள அன்புக்காகச் செய்தார், அவ்வளவுதான். எல்லா நிமிஷத்தையும் பாடமாக்கப் பார்த்தால் வாழ்க்கை ஓயாத பரீட்சை ஆகிவிடும், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் நாம் சலிப்பாகிவிடுவோம். மாற்கு 4இல் விதைத்தவன் இரவில் தூங்குகிறான், பகலில் எழுந்திருக்கிறான், விதை எப்படி வளர்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை. அவன் தினமும் மண்ணைத் தோண்டிப் பார்க்கவில்லை.

கடைசியாக, சாட்சி சொல்வதைப் பற்றி ஒரு வார்த்தை. ஏதாவது கிடைத்தால் உடனே கூட்டத்தில் எழுந்து சொல்லிவிடாதீர்கள். சில வாரம் வைத்திருங்கள். அதற்குள் அது உங்களை ஏதாவது செய்யவைத்ததா என்று பாருங்கள்: ஒரு போன் பண்ணியிருக்கலாம், ஒரு கடனைத் திருப்பியிருக்கலாம், ஒரு வார்த்தையை விட்டிருக்கலாம். எதையும் செய்யவைக்கவில்லை என்றால் சொல்லாமலே விட்டுவிடலாம். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதும், பாடத்தை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். உங்கள் மகன் தம்பிக்கு மட்டும் அதிகம் கொடுத்துவிட்டீர்கள் என்று கத்தினால், திராட்சத்தோட்டக் கதையைச் சொல்லிவிட்டு, அந்த ஆட்கள் ஏன் முணுமுணுத்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் எதிர்பார்க்காத பதிலையும் சொல்வான். எஜமான் செய்தது தப்பு என்றுகூடச் சொல்லலாம். சொன்னால் உடனே திருத்தாமல், ஏன் அப்படி நினைக்கிறாய் என்று கேட்டு, அவன் சொல்வதை முழுவதும் கேளுங்கள்.